அம்மாவுக்குப் பேப்பர்

போன மாசியில் மாமியின் செத்தவீட்டில் ஒருவர் எழுந்து பேசினார். "தாயில்லாக் குறை தெரியாமல் அந்தப் பிள்ளையை வளர்த்தெடுத்த புண்ணியவதி" என்றார். அந்தப் பிள்ளை நான்தான். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். என்னோடு ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள், என்னைப் போலவே பேஸ்மென்டில் வளர்ந்தவர்கள், இப்போது முழங்கால் நோவும் பிரஷர்க் குளிசையுமாகத் திரிகிறவர்கள், நீங்கள்தான். நானும் கைகட்டிக்கொண்டு நின்றேன். செத்தவீட்டில் சண்டை பிடிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். இப்போது சொல்கிறேன். எனக்குத் தாயில்லாக் குறை தெரியாமல் ஒருவரும் வளர்க்கவில்லை. தாய் இல்லை என்பதே தெரியாமல் வளர்த்தார்கள். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

ரொறன்ரோவில், பார்க்டேலில் நாங்கள் இருந்த வீட்டை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பக்கத்துக் கதவால் நுழைந்து படியிறங்கினால் எங்களுடைய இரண்டு அறை. அப்பா, அப்பாவின் தமக்கையான மாமி, மாமியின் கைக்குழந்தை, நான். மாமியின் கணவர், மாமா, மொன்றியலில் வேலை என்று போயிருந்தார். அம்மா இன்னும் வரவில்லை. மேலே ஒரு சீனத் தம்பதி. அவர்களின் வீடுதான் அது. அந்த மனிதர் உணவகமொன்றில் சமையல், வீட்டில் கண்டதே அரிது. மனைவியை நான் மேல்வீட்டு அன்ரி என்பேன். மாமிக்கு அவர் 'மேல்வீட்டுக்காரி'. எரிச்சல் வந்தால் 'உவள்'.

அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் அதிகம் பேசப்பட்ட சொல் எது என்று ஞாபகம் இருக்கிறதா? பேப்பர். கனடாவுக்கு ஆளை எடுக்கிற குடிவரவுப் பேப்பர். சுகமா என்று கேட்க முதல் "பேப்பர் வந்திட்டுதோ?" என்று கேட்பார்கள். ஒருவருக்குப் பேப்பர் வந்தால் ரோல்ஸ் பொரித்துக் கொண்டாடுவார்கள். இன்னொருவரின் பேப்பர் இறுகிப் போச்சு என்று பெருமூச்சு விடுவார்கள். எனக்கு ஏழு வயது. பேப்பர் என்றால் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிற ஒரு சாமான் என்றுதான் விளங்கி வைத்திருந்தேன். "அம்மா யாழ்ப்பாணத்தில நிக்கிறா. பேப்பர் வந்தோன்ன பிளேன் ஏறுவா" என்று அப்பா சொல்லியிருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் பின்னேரம் நான் பள்ளிக்கூடத்தால் வர, பேஸ்மென்ட் நிறையப் பெண்கள். சப்பாத்துகள் படியெல்லாம் ஏறிக் கிடந்தன. ஒருவரும் தேத்தண்ணீர் குடிக்கவில்லை. என்னைக் கண்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கதையை நிறுத்தினார்கள். "ஆர்ரயோ செத்தவீடாம், ஊரில" என்று மாமி சொன்னா. ஆருடையது என்று கேட்டேன். "உனக்குத் தெரியாத ஆக்கள். போய் முகத்தைக் கழுவு" என்றா. சில கிழமை கழித்து அப்பா மீசையை வழித்துவிட்டு வந்து நின்றார். அப்பாவின் மீசையைக் கிள்ளி விளையாடித்தான் நான் நித்திரை கொள்வேன். ஏன் எடுத்தீங்கள் என்று அழுதேன். "வேலையில மீசை வைக்க விடமாட்டினமாம்" என்றார் அப்பா. அவர் கோப்பை கழுவுகிற உணவகத்தில் சமையல்காரருக்கே தாடி இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே அம்மாவின் படம் ஒன்று, விரல் நீளச் சட்டத்துக்குள், பச்சைச் சேலையோடு இருந்தது. அதுவும் காணாமல் போயிற்று. கண்ணாடி வெடித்துவிட்டது, புதிதாகப் போட வேணும் என்றார்கள். மாலை போட்டால் எனக்குத் தெரிந்துவிடும், போடாமல் வைத்தால் கூடாது. ஆகவே சூட்கேசுக்குள் போட்டிருக்கிறார்கள். பிறகு வீடு மாறியபோது அந்தச் சூட்கேஸ் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. இன்றுவரை என்னிடம் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

மேல்வீட்டு அன்ரியின் கலண்டர் படிக்கட்டுச் சுவரில், எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாகத் தொங்கியது. நாளுக்கொரு தாள் கிழிப்பார். இடைக்கிடை ஒரு தாளில் சிவப்பு எழுத்துப் பெரிதாக இருக்கும். அன்றைக்கு என்னைக் கண்டால் நிறுத்திவைத்து, தன்னிடம் உள்ள கொஞ்ச இங்கிலிஷில் அது என்னவென்று சொல்லுவார். மழை வருகிற நாள், பூச்சி எழும்புகிற நாள், பகலும் இரவும் ஒரே அளவான நாள். சூரியன் போகிற பாதையை இருபத்து நாலாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்கு அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்புப் போலவே இருந்தது.

பூச்சி எழும்புகிற நாளன்று ஒரு பெயார்ஸ் பழம் தந்தார். அன்றைக்கு அதைச் சாப்பிட வேண்டுமாம். வெளியே முழங்கால் அளவு பனி.

"பூச்சி எழும்புதாம். உவளுக்கு விசர். வெளியில நாய்கூட நிக்காது" என்று மாமி சிரித்தா.

இதே மாமி ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்து ராகு காலத்துக்கு ரொறன்ரோவில் கடைக்குப் போகாமல் இருந்தவ. பங்குனி வெயில் கொளுத்துகிறது என்று பஞ்சாங்கம் சொல்ல, மூன்று சோடி காலுறையோடு அதை வாசித்தவ. மேல்வீட்டுக்காரிக்கு விசர் என்றால் மாமிக்கு என்ன பெயர் வைப்பது? பழத்தை நான் படியில் இருந்து சாப்பிட்டேன். பல் கூசக் குளிர்ந்திருந்தது. அவ்வளவு சாறுள்ள பழத்தை அதற்கு முதல் நான் தின்றதில்லை.

ஏப்ரல் தொடங்கியதும் அந்த நாள் வந்தது. கலண்டரில் இரண்டு பெரிய சிவப்பு எழுத்து. "கிளியர்" என்று ஓர் எழுத்தைத் தொட்டார். "பிரைட்" என்று மற்றதைத் தொட்டார். உண்மையாகவே அன்றைக்கு வானம் கழுவித் துடைத்தது மாதிரி இருந்தது. பனி உருகித் தெருவோரக் கானில் ஓடியது. அன்ரி முதல்நாளே பின்முற்றத்தைக் கூட்டிச் சருகெல்லாம் அள்ளியிருந்தார். கராஜுக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் அவித்த முழுக்கோழி, தோடம்பழம், சின்னக் கிண்ணங்களில் சோறு, தேத்தண்ணீர், ஊதுபத்தி. எங்களுடைய படையலில் கோழியை வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி. நான் வேலிக்கரையில் நின்று பார்த்தேன். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

வெண்கட்டியால் தரையில் ஒரு வட்டம் கீறினார். முழு வட்டமில்லை. ஒரு பக்கத்தில் வாசல் மாதிரி இடைவெளி விட்டார். "மை மாமா" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவருடைய தாய் சீனாவில் இறந்தவர், சமாதிக்குப் போய்த் துப்புரவாக்க இங்கிருந்து போக முடியாது, அதனால் இங்கிருந்தே அனுப்புகிறார் என்பதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு விளங்கியது மாமா என்ற ஒரு சொல்தான். அவருக்கும் மொன்றியலில் மாமா இருக்கிறார் போல என்று நினைத்தேன்.

பிறகு பக்கத்தில் இன்னொரு வட்டம் கீறினார், கொஞ்சம் சிறிதாக. "யுவர் மாமா" என்றார். நான் மொன்றியல் மாமாவை நினைத்துக்கொண்டு முழித்தேன். அவர் கையை நீட்டித் தோளில் சேலைத்தலைப்புப் போடுவதுபோலக் காட்டி, பிள்ளையைத் தாலாட்டிக் காட்டினார். "யுவர் மாமா. பேப்பர் ஃபார் யுவர் மாமா."

அம்மா. அம்மாவுக்குப் பேப்பர்.

அவர் ஒரு கட்டுத் தாளை எடுத்துக் காட்டினார். மஞ்சள் தாள், நடுவில் பொன் தகடு, அதன் மேல் சிவப்பு முத்திரை. அரசாங்க முத்திரை என்றால் வேறெப்படி இருக்கும்? அதோடு இன்னொரு சாமான். மெல்லிய பச்சைக் கடதாசியை நீளமாக ஒட்டி, ஓரத்தில் மஞ்சள் கரை வைத்து, நாலாய் மடித்திருந்தார். சேலை. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலிருந்த படத்தை அவர் எப்போதோ பார்த்து நிறத்தை மனத்தில் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் அந்தப் படத்தை ஒளித்தார்கள். மேல்வீட்டில் ஒருத்தி அதை நினைவில் வைத்துச் சேலை ஒட்டியிருக்கிறா.

எல்லாவற்றையும் ஒரு சிவப்பு உறைக்குள் வைத்து என்னிடம் பேனையைத் தந்தார். "நேம்" என்றார். நான் தரையில் குந்தியிருந்து, பள்ளிக்கூடத்தில் பழகிய பெரிய எழுத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை. பிழை வந்தால் பேப்பர் திரும்பிவிடும் என்று கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். பிறகு அவர் விரலால் அந்தச் சின்ன வட்டத்தில் ஒரு வாசல் அழிக்கப் போனார். எந்தப் பக்கம் என்று கையை விரித்துக் கேட்டார். ஊர் எந்தப் பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா வரப்போகிற பக்கம் தெரியும். பிளேன்கள் பதிந்து பதிந்து போய் இறங்கும் மிசிசாகாப் பக்கத்தைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் வாசல் வைத்தார்.

தாள் மடமடவென்று எரிந்தது. பேப்பரை எரித்தால் எப்படிப் போகும் என்று கேட்டேன். புகையைக் காட்டி, மேலே காட்டினார். மேலே ஒரு பிளேன் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. அவர் கைகூப்பி மூன்று முறை குனிந்தார். நானும் குனிந்தேன். பிறகு ஒரு தோடம்பழத்தைத் தூக்கி என் கையில் வைத்தார்.

படிகளில் நான் இறங்கவில்லை, விழுந்தடித்துக்கொண்டு போனேன்.

"அப்பா, அம்மாவுக்குப் பேப்பர் அனுப்பியாச்சு" என்றேன். "மேல்வீட்டு அன்ரி அனுப்பினவ. நான்தான் பேர் எழுதினனான். சேலையும் போகுது."

அப்பா மாவு குழைத்த கையோடு நின்றார். மாமி என் உடுப்பை மோந்து பார்த்தா. புகை மணம். கையிலிருந்த தோடம்பழத்தைப் பறித்தா.

"என்னத்தை எரிச்சவள்? என்னத்துக்குப் பேர் எழுதினனி?"

நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அப்பா அப்படியே படியில் இருந்துவிட்டார்.

"பிள்ளையைக் கொண்டு சூனியம் செய்விச்சிருக்கிறாள்" என்று மாமி மேலே ஏறினா. அப்பா என்னை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், ரீவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டார். மாமியின் தமிழ்ச் சத்தம் மட்டும் அதையும் தாண்டிக் கேட்டது. மேல்வீட்டு அன்ரியின் குரல் ஒரு தடவைதான் கேட்டது. கத்தாத குரல். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். என் காதைத்தான் பொத்தினார்கள்.

தோடம்பழம் குப்பைக்குள் போயிற்று. அந்த மாதம் முடிய முதல் நாங்கள் அதே தெருவுக்கு அங்காலே ஒரு அடுக்குமாடிக்குப் போய்விட்டோம். போகிற அன்று அன்ரி முன்வாசலில் நின்றார். "அவளைப் பாக்காதை" என்று மாமி என் தலையைப் பிடித்துத் திருப்பினா. திருப்பிய விரல் அழுத்தம் இன்னும் என் கழுத்தில் இருக்கிறது.

இனிச் சொல்லப் போவதைத்தான் மாமியின் செத்தவீட்டில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

புது வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாளில் சித்திரைப் பௌர்ணமி, சித்திராப் பறுவம் வந்தது. தாயை இழந்தவர்களுக்கான விரதம். அப்பாவும் மாமியும் ஒரு தாயின் பிள்ளைகள். அந்தத் தாய் இல்லை. ஆகவே இருவரும் விரதம். காலையிலேயே குளித்து, வீடு கழுவி, மரக்கறிச் சமையல். அப்படியான நாளில் எங்கள் வீடுகளில் மச்சம் மணக்கவே கூடாது. உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் மாமி ஜன்னலைத் திறந்துவிட்டு, வேறு தாச்சி ஒன்றை எடுத்து, எனக்கென்று தனியாக இரண்டு துண்டு மீன் பொரித்தா.

"நானும் விரதம் பிடிக்கட்டோ, மாமி?" என்று கேட்டேன். எல்லோரும் செய்வதை நானும் செய்ய ஆசை. வேறொன்றுமில்லை.

"சீ, வாயைக் கழுவு. அது அம்மா இல்லாதவை பிடிக்கிறது. உனக்கு அம்மா இருக்கிறா. நீ சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். மொறுமொறுவென்று இருந்தது. முள்ளை எடுத்து எடுத்து அப்பாதான் ஊட்டினார். மீன் தொட்ட கையைக் கழுவிவிட்டு, திரும்பக் குளித்துவிட்டு வந்து, தன் தாய்க்குப் படைத்தார். என் தாய்க்கும் மனத்துக்குள் படைத்திருப்பார். அம்மாவுக்கு முதல் சித்திராப் பறுவம் அது. ஊரில் ஷெல்லடியில் செத்துப்போன என் அம்மாவுக்கு நான் விரதமிருக்க வேண்டிய முதல் நாளில் என் வாய்க்குள் மீனைத் திணித்தார்கள். மாமி தன் ஆசாரத்தையே உடைத்துப் பொரித்தா, அதில் எவ்வளவு பாசம் இருந்திருக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும். இருந்திருக்கும். பாசத்தால் செய்தது என்பதற்காக அது செரிக்கவில்லை.

நான் காத்திருந்தேன். பேப்பர் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நம்பிக்கையில், அடுக்குமாடி ஜன்னலில் நின்று, பதிகிற பிளேன்களைப் பார்த்துக் காத்திருந்தேன். "அம்மா ஏன் இன்னும் வரேல்லை?" என்று கேட்டால், "பேப்பர் இறுகிப் போச்சு" என்பார்கள். பேர் பிழையாக எழுதிவிட்டேனோ என்று நான் கொப்பி முழுக்க எழுதிப் பழகினேன். அதையும் அப்பா பார்த்தார்.

இரண்டு வருடம் கழித்து றிச்மண்ட் ஹில் கோயிலில் சாப்பாட்டு வரிசை. எனக்கு முன்னால் நின்ற, முன்பின் தெரியாத ஓர் அன்ரி, பரிமாறுகிறவரிடம் சொன்னா: "தாயில்லாப் பிள்ளை, இன்னும் ஒரு கரண்டி போடுங்கோ." அவர் போட்டார். பருப்பு. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோயில் முழுக்கத் தெரிந்திருக்கிறது. பருப்புக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

காரில் அப்பாவிடம் கேட்டேன். அவர் காரை ஓரங்கட்டவும் இல்லை.

"உனக்கு விளங்கியிருக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

"ஆர் சொன்னது எனக்கு?"

"ஒருத்தரும் சொல்லேல்லைத்தான். நீயா விளங்கிக்கொள்ளுவாய் எண்டு விட்டனாங்கள்."

பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய வருடம் பார்க்டேல் வீட்டைத் தேடிப் போனேன். மேல்வீட்டு அன்ரி கதவைத் திறந்தார். தலை நரைத்திருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டார். அவருக்கு எப்படித் தெரியவந்தது என்று கேட்டேன். அந்தக் குளிர்காலத்தில் அப்பா படிக்கட்டில் இருந்து அழுதிருக்கிறார். என்ன என்று அவர் கேட்க, "வைஃப் ஃபினிஷ்" என்றாராம். பெற்ற பிள்ளைக்குத் தமிழில் சொல்ல வாய் வராத மனிதர், வீட்டுக்காரிக்கு இரண்டு இங்கிலிஷ் சொல்லில் சொல்லி முடித்திருக்கிறார். இப்போது அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆடி அமாவாசைக்கு அவருக்காக விரதம் பிடிக்கிறேன், கோபத்தோடுதான் பிடிக்கிறேன்.

"என் மாமிக்கு அன்றைக்கு என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன். மாமி என்றால் யார் என்று நான் விளக்க வேண்டியிருந்தது. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தாய் இறந்தால் பிள்ளை செய்யவேண்டும். பிள்ளை சின்னது என்றாலும் பிள்ளைதானே, என்று சொன்னேன்." இவ்வளவுதான் அந்தச் சூனியம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரல் தொடக்கத்திலும், அந்தத் தெளிந்த நாளில், என் வீட்டுப் பின்முற்றத்தில் வட்டம் கீறுகிறேன். பச்சைக் கடதாசியில் சேலை ஒட்டுகிறேன். பிள்ளைகள் "ஃபயர் அலார்ம் அடிக்கப் போகுது, அம்மா" என்று பகிடி பண்ணுவார்கள். வாசலை இன்னும் விமானநிலையப் பக்கம்தான் விடுகிறேன். இந்த வருடமும் செய்தேன்.

சித்திராப் பறுவத்துக்கு முதல் நாள் மாமியின் மகள் போன் எடுத்தாள். அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தவள். நல்ல பிள்ளை, அவளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

"மச்சாள், நாளைக்கு அம்மாவுக்கு முதல் பறுவம். நீங்களும் பிடிக்கிறியளோ? உங்களையும் தன்ர பிள்ளை மாதிரித்தானே வளர்த்தவ."

"அது அம்மா இல்லாதவை பிடிக்கிறது" என்றேன். "எனக்கு அம்மா இருக்கிறா. உங்கட அம்மாதான் சொன்னவ."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி மச்சாள் என்று வைத்துவிட்டாள். அடுத்த நாள் காலை கடைக்குப் போய் நல்ல விளைமீன் பார்த்து வாங்கினேன். மஞ்சளும் தூளும் உப்பும் பிரட்டி, வேண்டுமென்றே ஜன்னலைப் பூட்டிவிட்டுப் பொரித்தேன். வீடு முழுக்க மணத்தது. சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டு மேசையில் இருந்தேன். மத்தியானம் போய்ப் பொழுதும் பட்டது. மீன் ஆறி விறைத்துப் போயிற்று. ஒரு துண்டும் என்னால் வாயில் வைக்க முடியவில்லை. வேறு எதுவும் சாப்பிடவும் இல்லை. அது யாருக்காக இருந்த விரதம் என்று என்னைக் கேட்காதீர்கள்.